கிணற்று நீர் நாறுவது ஏன்?

வெயிலில் நடந்து வந்த விருந்தினருக்கு முதலில் நீட்டப்படுவது ஒரு செம்புத் தண்ணீர். அதை வாங்கியவர் உதட்டருகே கொண்டுபோய், ஒரு கணம் தயங்கி, இரண்டு மிடறு மட்டும் குடித்துவிட்டுச் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டால், வீட்டுக்காரருக்குக் காரணம் விளங்குவதில்லை. தம் வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றே அவர் எண்ணியிருப்பார். அவர் எண்ணத்திற் குற்றமில்லை. ஒரே மணத்தை நாள்தோறும் முகரும் மூக்கு, சிறிது காலத்தில் அதனை உணராது விட்டுவிடும் இயல்புடையது. கிணற்று நீரில் நேர்ந்த கேட்டை வீட்டார் அறியுமுன் அயலார் அறிவதும், அயலார் அதை வாய்விட்டுச் சொல்லக் கூசுவதும் நம்மூர்களில் வழக்கமாக நடப்பனவே.

ஒருநாள் யாராவது சொல்லிவிடுகின்றனர். உடனே வீட்டில் பரபரப்பு உண்டாகிறது. ஒருவர் வெளிற்றும் தூளை அள்ளிக் கிணற்றிற் போடச் சொல்கிறார். இன்னொருவர் கிணற்றை முற்றாக இறைத்துவிடச் சொல்கிறார். வேறொருவர் நெல்லிக் கட்டையை இடச் சொல்கிறார். இவற்றுள் ஒவ்வொன்றும் ஓரிடத்திற் பயன்படக்கூடும். பிறிதோரிடத்தில் பயனற்றுப் போகும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். நாற்றம் என்பது ஒரு செய்தி. அச்செய்தியை அனுப்பியது எது என்று கேளாமல் அதன் வாயை மட்டும் அடைக்க முற்படுவது பேதைமை. நீர் எங்கே நாறுகிறது, எப்போது நாறுகிறது, எதைப்போல நாறுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே பரிகாரம் தேடுதல் வேண்டும்.

முதலில் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தின் இயல்பை அறிந்துகொள்வது நன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுகின்றது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையே நிலத்துள் இறங்கி, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கிக் கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. கடல்நீரைவிட நன்னீர் பாரங் குறைந்தது. ஆதலால் நிலத்தடியிலுள்ள உவர்நீரின்மேல் அது ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நன்னீராயும் ஆழத்தில் உள்ள பகுதி உவர்நீராயும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்று.

மணற்பாங்கான நிலத்தில் நீர் மெல்லக் கசிந்து இறங்குகையில் மணல் அதனை ஓரளவு வடிகட்டித் தருகின்றது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளோ நீருக்கு வாய்க்கால் போன்றவை. மேலே கொட்டியது எதுவாயினும், அதிகம் வடிக்கப்படாமல், விரைவாகக் கீழே சென்றுவிடும். மழைநீருக்குத் திறந்திருக்கும் அதே வழி மலக்குழிக்கும், மாட்டுக்கொட்டிலின் கழிவுக்கும், தோட்டத்துப் பசளைக்கும், சிந்திய எண்ணெய்க்கும் திறந்தே இருக்கின்றது. கொடையும் கேடும் ஒரே வாயிலால் வருகின்றன என்பதைக் கிணறு வைத்திருப்போர் மறத்தலாகாது.

இனி, நீர் எங்கே நாறுகிறது என்னும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இக்காலத்தில் துலாவும் கப்பியும் அருகிவிட்டன. மின்சாரப் பம்பி நீரை இழுத்துக் கூரைமேலுள்ள தொட்டிக்கு ஏற்ற, அங்கிருந்து குழாய்வழியே அது சமையலறைக்கு வருகின்றது. எனவே குழாயைத் திறந்ததும் நாற்றம் வீசினால் கிணற்றின்மேல் உடனே பழி சுமத்துவது முறையன்று. மூன்று கண்ணாடிக் குவளைகளை நன்கு கழுவி எடுத்து, ஒன்றில் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளிய நீரையும், மற்றொன்றில் கூரைத்தொட்டி நீரையும், மூன்றாவதிற் சமையலறைக் குழாய்நீரையும் நிரப்பி, பக்கத்து வீட்டார் ஒருவரை அழைத்து முகர்ந்து பார்க்கச் செய்தல் வேண்டும். பழக்கப்படாத மூக்கே இதற்கு ஏற்றது.

வாளி நீர் நன்றாயிருந்து தொட்டி நீர் மட்டும் நாறினால், குறை தொட்டியில் இருக்கின்றது. மூடி விலகியதால் பல்லியோ எலியோ விழுந்து இறந்திருக்கலாம். அடியிலே பல ஆண்டுச் சேறு படிந்திருக்கலாம். வெளிச்சம் ஊடுருவும் தொட்டியாயின் பாசி பிடித்திருக்கலாம். தொட்டியை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவி, மூடியைச் செப்பனிட்டாற் போதும். கிணற்றில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. காலையில் முதன்முதல் திறக்கும்போது மட்டும் நாறிப் பின்னர் சீராகிவிடுமாயின், இரவெல்லாம் குழாயினுள் தேங்கி நின்ற நீரே காரணம். வெந்நீர்க் குழாயில் மட்டும் அழுகிய முட்டையின் நாற்றம் எழுமாயின், நீர்சூடாக்கியினுள் துருவைத் தடுக்க வைத்திருக்கும் மக்னீசியக் கோல் நீரிலுள்ள சல்பேற்றுடனும் நுண்ணுயிர்களுடனும் கூடி அதனை உண்டாக்குகின்றது என்று ஐயுறலாம். வாளி நீரே நாறும்போதுதான் கிணற்றை ஆராய வேண்டும்.

அடுத்தது, எப்போது நாறுகிறது என்பது. பெருமழை பெய்து சில நாட்களுள் நாற்றம் தொடங்கினால், நிலத்தின் மேலிருந்தோ அயலிலுள்ள குழியிலிருந்தோ அழுக்கு உட்புகுந்தது என்று கொள்வதற்கு அது வலுவான காரணம். கடுங்கோடையில் நீர் தாழ்ந்தபோது நாறினால், அடிச்சேற்றுக்கு அண்மையிலிருந்து நீர் எடுக்கப்படுகின்றது எனலாம். நீண்டகாலம் இறைக்காத கிணறு நாறினால், தேக்கமே முதற்காரணம்.

இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூர்வது தகும். துலாவால் நாள்தோறும் இறைத்த காலத்தில் பட்டை விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் கிணற்று நீர் கலங்கி, காற்றோடு கலந்து, புத்தூற்றுக்கு இடங்கொடுத்தது. இறைக்க ஊறும் என்னும் பழமொழியின் பொருளை அக்காலத்தார் கைகளே அறிந்திருந்தன. இன்று பம்பி ஓசையின்றி ஒரே ஆழத்தில் நின்று நீரை உறிஞ்சுகின்றது. அதற்கு மேலும் கீழும் உள்ள நீர் அசைவற்றுக் கிடக்கின்றது. வீட்டார் வெளிநாடு சென்று பூட்டிக் கிடக்கும் வளவுகளிற் கிணறுகள் முற்றாகவே தேங்கிவிடுகின்றன. 1990ஆம் ஆண்டு போரினால் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிப் பல்லாண்டுகளின் பின் கட்டங்கட்டமாகத் தம் காணிகளுக்குத் திரும்பிய குடும்பங்கள், வீடு கட்டுமுன் பாழடைந்து கிடந்த கிணற்றைத் துப்புரவாக்கவேண்டியிருந்தது. நீர் திருந்தாத இடத்தில் குடியிருப்பும் திருந்துவதில்லை.

இனி, நாற்றத்தின் வகைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

மிகப் பொதுவானது அழுகிய முட்டை நாற்றம். இதற்குக் காரணம் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு. ஒட்சிசன் இல்லாத ஆழத்திலும் சேற்றிலும் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள், உக்கும் இலைதழைகளை உணவாகக் கொண்டு, நீரிலுள்ள சல்பேற்றை இவ்வாயுவாக மாற்றுகின்றன. கடல்நீரில் ஓர் இலீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு. எனவே கடலோரத்திலும் களப்போரத்திலும் உவர் கலந்த கிணறுகளில் இந்நாற்றம் எளிதில் தோன்றும். ஓர் இலீற்றர் நீரில் ஒரு மில்லிகிராமின் இருபதில் ஒரு பங்கு இவ்வாயு இருந்தாலே கூர்மையான மூக்கு அதைக் கண்டுகொள்ளும். வெள்ளிப் பாத்திரமும் செம்புப் பாத்திரமும் இத்தகைய நீராற் கறுத்துப்போகும். குடிநீரில் வழமையாகக் காணப்படும் சிறிய அளவில் இவ்வாயு நஞ்சாவதற்கு முன்னரே, நாற்றத்தினால் நீர் குடிக்க முடியாததாகிவிடும். அகன்ற பாத்திரத்தில் ஊற்றி வைத்தாலோ, உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக விழவிட்டாலோ வாயு வெளியேறி நாற்றம் குறையும். ஆயினும் அடிச்சேறும் உக்கிய பொருளும் இருக்குமளவும் அது மறுபடியும் உண்டாகிக்கொண்டேயிருக்கும்.

இரண்டாவது மண்வாசனை அல்லது பாசி வாசனை. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளே இங்கும் வேலை செய்கின்றது. மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்களும் நீலப்பச்சைப் பாசிகளும் இதனை ஆக்குகின்றன. ஓர் இலீற்றர் நீரில் ஒரு கிராமின் பத்துக்கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் மனிதர் இதை உணர்வர். இப்பொருள் தன்னளவிற் கேடு செய்வதன்று. ஆனால் வெளிச்சமும் சருகும் தாராளமாக உட்செல்லும் திறந்த கிணறு என்பதை அது அறிவிக்கின்றது.

மூன்றாவது துருவோடு கூடிய சதுப்பு நாற்றம். நிலத்தில் இரும்புச்சத்து மிகுந்த இடங்களில், அதனை உண்டு வாழும் பற்றீரியாக்கள் செம்மஞ்சள் நிறமான வழுவழுப்பைக் கிணற்றுச் சுவரிலும் குழாயிலும் பூசிவிடும். வெள்ளைத் துணி மஞ்சளாவதும், தேநீர் கருமை கொள்வதும் இதனுடன் வரும் அடையாளங்கள்.

நான்காவது பிண நாற்றம். பூனை, எலி, தவளை, பறவை முதலியவற்றில் ஒன்று விழுந்து இறந்திருக்கும். அதை எடுத்தெறிவதுடன் வேலை முடிவதில்லை. நீரை இறைத்து, கிணற்றைக் கழுவி, கிருமி நீக்கிய பின்னரே அந்நீரைப் பருகலாம்.

ஐந்தாவது மலக்குழி நாற்றம். இதுவே அச்சத்துக்குரியது. சவர்க்கார நுரையோ கழிவுநீரின் வாடையோ கிணற்று நீரிற் காணப்படுமானால், அந்தக் கணமே குடிப்பதை நிறுத்த வேண்டும். நெருப்புக்காய்ச்சலும், வயிற்றோட்டமும், மஞ்சட்காமாலையில் ஒருவகையும் இவ்வழியாகவே பரவுகின்றன. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் ஐம்பது அடி இருந்தாற் போதும் என்று வழமையாகச் சொல்லப்படுவதுண்டு. வெடிப்புள்ள சுண்ணாம்புப் பாறையில் இத்தூரத்தை நம்பியிருத்தல் இயலாது; இயன்றமட்டும் நூறு அடிக்குக் குறையாமல் விலக்கி அமைத்தலே நன்று. காணிகள் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்ட இந்நாளில், தன் வளவின் எல்லைக்குள் மட்டும் தூரத்தை அளந்து திருப்தியடைவதும் பயன் தராது. வேலிக்கு அப்பால் அயலவர் வெட்டிய குழி தன் கிணற்றுக்கு எவ்வளவு அண்மையில் இருக்கின்றது என்பதையும் நோக்க வேண்டும். அவ்வாறே தான் வெட்டும் குழி அயலவர் கிணற்றுக்கு என்ன செய்யும் என்பதையும் நோக்க வேண்டும். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை.

ஆறாவது எண்ணெய் நாற்றம். மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல் ஆகியவற்றின் வாடை வீசினாலோ, நீரின்மேல் வானவில் நிறமான படலம் தோன்றினாலோ, அந்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தலாகாது. கொதிக்கவைப்பதனாலோ வெளிற்றும் தூளிடுவதனாலோ இக்குறை நீங்காது. கிணற்றருகே தீ மூட்டுவதும் கூடாது. பம்பியின் எண்ணெய் ஒழுகியதா, அயலில் வாகனம் திருத்தும் இடம் உண்டா, எண்ணெய்த் தாங்கி புதைக்கப்பட்டுள்ளதா என்று விசாரித்து, அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். சுன்னாகம் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் பேசப்பட்டது. குடும்பங்கள் தம் வளவிலேயே கிணறு இருக்கவும் தாங்கி வண்டி கொண்டுவரும் நீருக்குக் காத்திருக்க நேர்ந்தது. 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கென இரண்டு கோடி ரூபா செலுத்தும்படி மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்குக் கட்டளையிட்டது. முகர்ந்து பார்த்த மூக்குகளும், முகர்ந்ததை வெளியிற் சொன்ன வாய்களும் இல்லாதிருந்தால் அவ்வழக்கு நீதிமன்றத்தை அடைந்திராது.

காரணம் தெரிந்தபின் செய்யவேண்டியவற்றை ஒழுங்காகச் செய்தல் வேண்டும். முதலாவது, கேட்டின் மூலத்தை அகற்றுவது. இரண்டாவது, கிணற்றைத் துப்புரவாக்குவது. மூன்றாவது, கிருமி நீக்குவது. நான்காவது, சோதித்துப் பார்ப்பது. இவ்வொழுங்கு மாறினால் உழைப்பு வீணாகும். சேறு நிறைந்த கிணற்றிற் கொட்டிய வெளிற்றும் தூளின் வலிமையைச் சேறே உண்டுவிடும், கிருமி எஞ்சிவிடும்.

துப்புரவாக்கும் வேலையில் ஓர் எச்சரிக்கையை எவ்வளவு அழுத்திக் கூறினாலும் மிகையாகாது. பாழ்ங்கிணற்றினுள் நஞ்சுக்காற்று இருக்கும். சேற்றைக் கிளறும்போது ஐதரசன் சல்பைட்டு வெளிவரும். அது காற்றைவிடப் பாரமானது. ஆகவே கிணற்றின் அடியிலேயே தங்கி நிற்கும். காற்றில் அதன் அளவு மிகும்போது முகரும் நரம்பே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதன் நினைக்கும் வேளையே ஆபத்து உச்சமான வேளையாக இருக்கக்கூடும். பெற்றோல் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால், அதன் புகையிலுள்ள காபன் ஓரொட்சைட்டு நிறமும் மணமும் இன்றியே கொல்லும். கிணறு துப்புரவாக்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய மகனோ தம்பியோ உடன் மடிந்த செய்திகள் இலங்கையிலும் இந்தியாவிலும் பலமுறை வெளிவந்துள்ளன. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் குறைவை மட்டுமே காட்டும். இந்நஞ்சுகளை அது காட்டாது. அன்றியும், எரியும் வாயு உள்ள கிணற்றில் விளக்கே விபத்தாகிவிடும். ஆகையால் இவ்வேலையைத் தக்க கருவிகளுடன் வரும் பழகிய தொழிலாளரிடமே விடவேண்டும். இறங்குபவர் இடுப்பிற் கயிறும், மேலே அதைப் பிடித்திருக்க இருவரும் இல்லாமல் எவரும் இறங்கலாகாது. இறங்கியவர் விழுந்துவிட்டால் கயிற்றால் இழுக்கவேண்டுமேயன்றி, மற்றொருவர் பின்னே இறங்குதல் எக்காரணங்கொண்டும் கூடாது.

இறைப்பதிலும் அளவு வேண்டும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளை உப்பு நீரால் நிரப்பியபோது, அவற்றை விரைவில் நன்னீராக்கும் நல்லெண்ணத்துடன் மீண்டும் மீண்டும் முற்றாக இறைத்தார்கள். மேலே மிதந்த நன்னீர் போக, அடியிலுள்ள உவர்நீர் ஏறிவந்தது. சில கிணறுகளின் சுவரும் இடிந்தது. சேற்றை அகற்றும் அளவுக்கு இறைத்தபின், மழை வந்து கழுவும்வரை பொறுத்திருப்பதே சிறந்தது என்பதை அந்த அநுபவம் கற்பித்தது. குடாநாட்டின் கரையோரங்களுக்கும் இப்பாடம் பொருந்தும்.

கிருமி நீக்குவதற்கு வெளிற்றும் தூள் ஏற்றது. எவ்வளவு இடுவது என்பதைக் கைப்பிடியால் மதியாமற் கணக்கிட்டு அறிய வேண்டும். வட்டக் கிணற்றின் விட்டம் 2 மீற்றர், நீரின் ஆழம் 3 மீற்றர் எனக் கொள்வோம். ஆரையாகிய 1 மீற்றரை அதனாலேயே பெருக்கி, 3.14ஆலும், ஆழமாகிய 3ஆலும் பெருக்கினால் 9.42 கனமீற்றர், அதாவது ஏறத்தாழ 9,400 இலீற்றர் வரும். துப்புரவாக்கிய கிணற்றை ஒருமுறை வலுவாகக் கிருமி நீக்க, இலீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும் எனக் கொண்டால், தேவை 470 கிராம் குளோரின். புதிய வெளிற்றும் தூளில் நூற்றுக்கு முப்பது பங்களவே குளோரின் இருப்பதால், ஏறத்தாழ 1.6 கிலோகிராம் தூள் இடவேண்டும். நாட்பட்ட தூளும் திறந்து வைத்த தூளும் வலுவிழந்திருக்கும். தூளை வாளி நீரிற் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, கிணற்றுச் சுவரையும் அதனாற் கழுவிவிட வேண்டும். ஒருநாள் முழுவதும் அப்படியே விட்டு, பின்னர் குளோரின் வாடை குறையுமட்டும் இறைத்துவிடலாம். அவ்வாறு இறைத்த நீரைப் பயிருக்கும் மீன்தொட்டிக்கும் விடலாகாது. தூளைக் கரைப்பவர் வெளியிடத்தில், மூக்கையும் கண்ணையும் காத்துக்கொண்டு கரைத்தல் வேண்டும். அமிலம் எதனுடனும் அதைச் சேர்த்தல் கூடாது. தம் கிணற்றுக்குரிய அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் உறுதிசெய்துகொள்வது நன்று.

நெல்லிக் கட்டையிட்டால் நீரின் சுவை திருந்தும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் அடங்கித் தெளியும் என்பது கண்டறிந்த உண்மை. கரி வடிகட்டி பலவகை வாடைகளை ஈர்த்துக்கொள்ளும். இவையெல்லாம் தத்தம் எல்லைக்குள் நல்லவை. ஆயினும் தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் ஆகாது. கிருமிக்குப் பயந்தவர் நம்பத்தக்கது கொதித்த நீர் ஒன்றே. குமிழ் பொங்கி எழுந்தபின் ஒரு நிமிடமேனும் கொதித்த நீரை, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டுப் பருகவேண்டும்.

இங்கேதான் இப்பொருளின் மிக முக்கியமான பகுதி வருகின்றது. நாற்றம் நீங்கிவிட்டது, நீர் பளிங்குபோலத் தெளிந்துவிட்டது, குடும்பம் நிம்மதியடைந்துவிட்டது. ஆயினும் கிணற்றில் மிகப் பெரிய கேடு எஞ்சியிருக்கக்கூடும். மணமும் நிறமும் சுவையும் இல்லாத நைத்திரேற்று அத்தகையது. மலக்குழியிலிருந்தும், வெங்காயத் தோட்டத்துக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் அள்ளியிடும் பசளையிலிருந்தும் அது நிலத்தடி நீரைச் சேர்கின்றது. ஓர் இலீற்றர் குடிநீரில் அது 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்திருப்பதை 1980ஆம் ஆண்டுகள் முதல் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பால்மாக் கரைக்க அந்நீரைப் பயன்படுத்தினால், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தல் இங்கே உதவாது. நீர் ஆவியாகிக் குறைய, நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்று நீரைச் சோதிப்பித்தல் தாய்க்கும் தந்தைக்கும் உரிய முதற் கடமைகளுள் ஒன்று.

நீரைச் சோதிப்பதற்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆய்வுகூடங்களை வைத்திருக்கின்றது. பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் வழிகாட்டும். கிருமிச் சோதனைக்குரிய போத்தலை ஆய்வுகூடத்திலேயே பெற்று, அதன் வாயை விரல் தொடாமல் நீர் நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே ஒப்படைத்தல் வேண்டும். மாரி முடிந்ததும் ஒருமுறை, கோடையின் முடிவில் ஒருமுறை சோதித்தால் கிணற்றின் ஆண்டு முழுவதுக்குமான இயல்பு புலனாகும்.

பழுது வந்தபின் வருந்துவதிலும் வராமற் காப்பது எளிது. கிணற்றுக்கட்டு இடுப்பளவேனும் உயர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் சீமெந்துத் தளம் வெளிப்புறம் சரிந்து, சிந்தும் நீரை வாய்க்காலால் தொலைவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கிணற்றடியிலேயே குளித்துத் துணி தோய்த்து, அந்நீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கவிடும் பழக்கம் ஒழிய வேண்டும். சருகும் பறவையும் விழாமல் வலையிட்டு மூடவேண்டும். வாளியும் கயிறும் நிலத்திற் புரளாமல் தொங்கவிடப்படல் வேண்டும். குடியில்லாத வீடாயினும், உறவினர் எவராவது மாதம் ஒருமுறை சென்று நீரை இறைத்துவிட வேண்டும்.

நம்மூரில் ஒரு வளவை வாங்குபவர் முதலிற் கேட்பது "தண்ணீர் எப்படி?" என்றே. விருந்தினர் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டபோதும் எழவேண்டியது அதே கேள்விதான். "அண்ணை, தண்ணீரில் ஏதாவது மணக்கிறதா? கூச்சப்படாமற் சொல்லுங்கோ" என்று வீட்டுக்காரர் கேட்பாரானால், விருந்தினர் உண்மையைச் சொல்லிவிடுவார். கிணற்றைத் திருத்தும் வேலை அந்தப் பதிலிலிருந்தே தொடங்குகின்றது.